பயனர் எண் 1007: டேப் விசைக்குப் பின்னால் ஓர் உரிமைச் சிக்கல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருவருக்கு ஒரே நாளில் கணக்குத் திறந்து கொடுத்தோம். சேவையகம் ஒன்று, ஷெல் (தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஒன்று, அது திறக்கும்போது ஓடும் தொடக்கக் கோப்பும் ஒன்றேதான். மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தவர் உள்நுழைந்தவுடன் இசட் ஷெல் அவரை மறித்தது: பாதுகாப்பற்ற கோப்புறைகள் இருக்கின்றன, அவற்றைத் தவிர்த்துவிட்டுத் தொடரவா, இல்லை நிறுத்தவா? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துப் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்திருந்த பெண்ணிடம் அது எதையுமே கேட்கவில்லை.

“அண்ணா, எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கேட்கிறது? நான் ஏதாவது பிழையாகச் செய்துவிட்டேனா?”

எச்சரிக்கை வந்தவர் தன்னைச் சந்தேகிப்பது இயல்பு. இங்கே கோளாறு இருந்தது எச்சரிக்கை வராத பக்கத்தில். அதைக் கண்டுபிடிக்கப் போன வழியில் வேறு இரண்டு பழைய முறைப்பாடுகளின் காரணமும் கிடைத்தது. மூன்றும் வெவ்வேறு நோய்கள் என்றே அதுவரை அலுவலகத்தில் எல்லோரும் எண்ணியிருந்தோம்.

சூழலும் முறைப்பாடுகளும்

பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது எங்கள் அலுவலகம். எல்லோருக்கும் பொதுவாக, டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் சேவையகம் ஒன்று. மடிக்கணினிகள் பெரும்பாலும் மேக். 2019-இல் வந்த கேட்டலீனா பதிப்பிலிருந்து மேக்கின் இயல்பு ஷெல் இசட் ஷெல் என்பதால், கையில் பழகிய அதே ஷெல்லைச் சேவையகத்திலும் எல்லோரும் கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள். மென்பொருளை வெளியிடுவதற்கு நாங்களே எழுதிய கருவி ஒன்று உண்டு. அதன் துணைக் கட்டளைகளையும் சேவையகப் பெயர்களையும் டேப் விசை நிரப்பிக் கொடுக்கும். அந்த நிரப்பலை எழுதியவர், 2022 பொருளாதார நெருக்கடியின்போது கொழும்பை விட்டுப் போன பொறியாளர்களில் ஒருவர்.

அவர், கூடுதல் மென்பொருள்களை வைக்கும் ‘ஆப்ட்’ கோப்புறையின் கீழ் ‘பொது’ என்று ஒரு கோப்புறை திறந்து, அதற்குள் நிரப்பல் கோப்புகளை வைத்திருந்தார். ரூட் என்ற முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கில் அல்ல, தன் சொந்தக் கணக்கில். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ரூட் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரத்துக்குப் பல தடவை மாறிக்கொண்டிருந்த கருவி அது. ஆனால் மற்றவர்களுடைய ஷெல் அந்தக் கோப்புறையைப் பார்த்து முறைத்தபோது, எல்லோருக்கும் வழங்கிய தொடக்கக் கோப்பில் ‘-யு’ என்ற தெரிவைச் சேர்த்து அதன் வாயை அடைத்துவிட்டார். பின்னாளில் யாரோ அந்தத் தொடக்கக் கோப்பைச் சுத்தம் செய்தபோது ‘-யு’ போய்விட்டது. எனவே பழையவர்களிடம் எச்சரிக்கை அடைபட்டிருந்தது. புதியவர்களிடம் மட்டும் அது மறுபடி பேசத் தொடங்கியது.

பழைய முறைப்பாடுகளில் முதலாவது, கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் சோதனைப் பொறியாளருடையது. மூடிவிட்ட ஒரு சோதனைச் சேவையகத்தின் பெயரை டேப் விசை இன்னமும் நீட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அதைத் தெரிவு செய்துவிட்டு, பதில் வராத இயந்திரத்தின் முன் அவர் காத்துக்கிடந்திருக்கிறார். இரண்டாவது, எங்கள் மூத்த பொறியாளருடையது. முனையம் திறக்க அவருக்குப் பல விநாடிகள் எடுத்தன. டேப் அழுத்தினாலும் இழுத்தடித்துத்தான் பட்டியல் வரும். ஆனால் பட்டியல் சரியானது. மூடிய சேவையகத்தின் பெயர் அதில் இல்லை. போதாததற்கு, கடைசியாகச் சேர்த்த ஒரு புதுக் கட்டளைக்கு அவரிடம் நிரப்பலே வேலை செய்யவில்லை.

ஒருவருக்கு வேகமான பொய், இன்னொருவருக்கு மெதுவான உண்மை. இந்த வேறுபாடுதான் பிறகு எனக்கு மிகவும் உதவியது.

டேப் அழுத்துமுன் நடப்பவை

இசட் ஷெல்லில் நிரப்பலைத் தொடக்கி வைப்பது ‘கம்ப்இனிட்’ என்னும் செயற்கூறு. ‘எஃப்பாத்’ என்ற பட்டியலில் உள்ள கோப்புறைகள் ஒவ்வொன்றிலும் அடிக்கோட்டில் தொடங்கும் பெயருடைய கோப்புகளை அது தேடும். ஒவ்வொன்றின் முதல் வரியையும் வாசித்து, இந்தக் கோப்பு எந்தக் கட்டளைக்கு உரியது என்று குறித்துக்கொள்ளும். கோப்பின் உள்ளடக்கத்தை அப்போது ஏற்றுவதில்லை. அந்தக் கட்டளைக்காக முதன்முறை டேப் அழுத்தும்போதுதான் உள்ளே இருக்கும் நிரல் ஏற்றப்பட்டு ஓடுகிறது.

ஓடுகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நிரப்பல் கோப்பு வெறும் சொற்பட்டியல் அல்ல, நிரல். டேப் அழுத்துகிறவரின் கணக்கில், அவருக்குள்ள அத்தனை அனுமதிகளோடும் ஓடும் நிரல். வேறொருவர் எழுதக்கூடிய கோப்புறையிலிருந்து அதை எடுத்தால், அந்த வேறொருவர் என் பெயரில் எதையும் செய்யலாம்.

இதனால்தான் ‘கம்ப்ஆடிட்’ என்ற துணைச் செயற்கூறு ஒவ்வொரு தொடக்கத்திலும் சில கேள்விகளைக் கேட்கிறது. இந்தக் கோப்புறைக்கும் கோப்புகளுக்கும் உரியவர் ரூட்டா, இல்லாவிட்டால் நீங்களேதானா? கோப்புறையில் குழுவில் உள்ளவர்களோ உலகத்தாரோ எழுத முடியுமா? பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு: அது தாய்க் கோப்புறையையும் இதே விதிப்படி பார்க்கும். தாய்க் கோப்புறையில் எழுதக்கூடியவர், உள்ளே இருப்பதைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு அதே பெயரில் தன்னுடையதை வைத்துவிடலாம் அல்லவா.

விடை பிடிக்காவிட்டால் பயனரிடம் கேட்கும். தொடரலாம் என்று சொன்னால், சந்தேகத்துக்குரிய கோப்புறைகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். மட்டக்களப்புத் தம்பி அப்படித்தான் சொல்லியிருந்தார். அதனால் எங்கள் கருவிக்கு அவரிடம் நிரப்பலே இல்லை, வெறும் கோப்புப் பெயர்கள்தான் வந்தன. ‘-ஐ’ தெரிவு கேட்காமலே அதைச் செய்யும். ‘-யு’ தெரிவு நேர்மாறு: கேட்காமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். இரண்டிலும் திரை ஒரேமாதிரி அமைதியாக இருக்கும் என்பதால் பலர் இவற்றை ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

அடுத்தது கேஷ், அதாவது மறுபடி தேடாமலிருக்கச் சேமித்து வைக்கும் முடிவு. நூற்றுக்கணக்கான கோப்புகளின் முதல் வரிகளை ஒவ்வொரு தடவையும் வாசிக்க நேரமெடுக்கும். ஆகவே கம்ப்இனிட் தன் முடிவைப் பயனரின் சொந்தக் கோப்புறையான ஹோமில் ‘இசட்கம்ப்டம்ப்’ என்ற மறைகோப்பாக எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பின் முதல் வரியில் இரண்டு தகவல்கள் இருக்கும்: எத்தனை நிரப்பல் கோப்புகள், ஷெல்லின் எந்தப் பதிப்பு. அடுத்த முறை இவ்விரண்டும் பொருந்தினால், பழைய முடிவை அப்படியே நம்பிவிடும். பெயர்களைப் பார்ப்பதில்லை, திகதிகளைப் பார்ப்பதில்லை. எண்ணிக்கை மட்டும்தான்.

எங்கள் கருவியின் ஒரு வெளியீட்டில் ஒரு நிரப்பல் கோப்பை நீக்கி, வேறு பெயரில் இன்னொன்றைச் சேர்த்திருந்தார்கள். ஒன்று போனது, ஒன்று வந்தது, எண்ணிக்கை மாறவில்லை. புதிய கட்டளைக்கு யாருக்கும் நிரப்பல் வரவில்லை. யாரோ இசட்கம்ப்டம்ப் கோப்பை அழித்துப் பார்த்தார், சரியாகிவிட்டது. அன்று முதல் அலுவலகத்தில் எந்த டேப் வியாதிக்கும் அதுவே கைமருந்தாகிவிட்டது. ஒருமுறை உண்மையாகவே குணப்படுத்திய மருந்தைக் கைவிடச் செய்வது எளிதல்ல.

வேகமான பொய்

சோதனைப் பொறியாளரும் அந்த மருந்தைப் பலமுறை சாப்பிட்டுவிட்டார். பலன் இல்லை. இருக்கவும் முடியாது: இசட்கம்ப்டம்ப் கோப்பில் இருப்பது எந்தக் கட்டளைக்கு எந்தச் செயற்கூறு என்ற தொடர்பு மட்டுமே. சேவையகப் பெயர்கள் அதில் இல்லை.

அவை இருந்த இடம் வேறு. நிரப்பல் செயற்கூறுகள் தாங்கள் சிரமப்பட்டுச் சேகரித்த பட்டியல்களைச் சேமித்து வைக்க இசட் ஷெல்லில் தனியான வசதி ஒன்று இருக்கிறது. பயனர் அதை இயக்கிவிட்டால், ஹோம் கோப்புறையில் ‘இசட்கம்ப்கேஷ்’ என்ற மறைக் கோப்புறையில் பட்டியல்கள் சேரும். எங்கள் கருவி சேவையகப் பெயர்களை வலையமைப்பின் வழியே கேட்டு வாங்கி இதில் போட்டு வைக்கும்படி எழுதப்பட்டிருந்தது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இந்தக் கேஷ் எப்போது காலாவதியாகும் என்று ஷெல் தானாக முடிவு செய்வதில்லை. ‘கேஷ் கொள்கை’ என்று ஒரு சிறு செயற்கூறை நிரப்பல் எழுதுபவர் கொடுக்க வேண்டும். கோப்பு இத்தனை மணி நேரத்துக்கு மேல் பழையதானால் செல்லாது என்று அது சொல்லும். கொள்கை எதுவும் இல்லாவிட்டால், இருக்கும் கேஷ் என்றென்றும் செல்லும். எங்கள் கருவியில் கொள்கை இல்லை. ஆகவே சோதனைப் பொறியாளர் முதன்முதலில் டேப் அழுத்திய நாளின் சேவையகப் பட்டியல்தான் அவருக்கு இன்றுவரை கிடைத்துக்கொண்டிருந்தது.

மெதுவான உண்மை

மூத்த பொறியாளரின் ஷெல்லைத் திறக்கும்போதே ‘இசட்ப்ராஃப்’ என்ற அளவீட்டுக் கூறையும் ஏற்றிப் பார்த்தேன். நேரத்தின் பெரும்பகுதியைத் தின்றது கம்ப்இனிட். ஒவ்வொரு முறையும் அவருக்கு முழுத் தேடல் நடந்துகொண்டிருந்தது. கேஷ் இருந்தும் ஏன்?

அவருடைய தொடக்கக் கோப்பில் பரவலாகப் புழங்கும் ஒரு துணுக்கு இருந்தது. கேஷ் கோப்பு 24 மணி நேரத்துக்கு மேல் பழையதானால் முழு கம்ப்இனிட்டை ஓட்டு. அதன் பிறகு எப்படியானாலும் ‘-சி’ தெரிவோடு ஓட்டு. ‘-சி’ என்றால் பாதுகாப்புச் சோதனை வேண்டாம், எண்ணிக்கை ஒப்பீடும் வேண்டாம், இருக்கும் கேஷை அப்படியே ஏற்று என்று பொருள். கேஷையும் அவர் வழக்கமான இடத்தில் வைக்காமல், தன் ஹோமுக்குள் தனிக் கோப்புறை ஒன்றில் வைத்திருந்தார்.

அந்தத் தனிக் கோப்புறைக்கு உரியவர் யார் என்று பார்த்தேன். ரூட்.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு சிறு வரலாறு இருக்கிறது. மேக்கில், ரூட்டின் அதிகாரத்தோடு ஒன்றை ஓட்ட உதவும் ‘சுடோ’ கட்டளையின் இயல்பு அமைப்பு, ரூட்டாக மாறும்போதும் ஹோம் எது என்று சொல்லும் மாறியை அப்படியே விட்டுவைக்கும். டெபியனில் அப்படி இல்லை; ரூட்டானால் ஹோமும் ரூட்டினுடையதே. மேக்கில் பழகியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ரூட் ஷெல்லிலும் தங்கள் வண்ணங்களும் கட்டளைச் சுருக்கங்களும் வேண்டும் என்றார்கள். சுடோ அமைப்புக் கோப்பில் ஹோமைக் காப்பாற்றும்படி ஒரு வரி சேர்க்கப்பட்டது. அதன் பின் ‘சுடோ -எஸ்’ என்று ரூட் ஷெல்லைத் திறந்தால், ரூட்டின் அதிகாரத்தோடு ஆனால் பயனருடைய தொடக்கக் கோப்பு ஓடும். அது உருவாக்கும் கோப்புகள் பயனரின் ஹோமில் விழும், ரூட்டின் பெயரில்.

மூத்தவர் தன் புதிய அமைப்பைச் சோதித்துப் பார்த்தது அப்படி ஏற்கெனவே திறந்திருந்த ஒரு ரூட் ஷெல்லில். கேஷ் கோப்புறையும் அதற்குள் இருக்கும் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தமாகப் பிறந்தன. பிறகு அவர் தன் சாதாரணக் கணக்கில் வரும்போதெல்லாம் நடந்தது இதுதான்: கேஷ் பழையது என்பதால் முழுத் தேடல் ஓடும், முடிவை எழுதப் போகும்போது கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்று கண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிவிடும். கேஷின் திகதி மாறாததால் அடுத்த முறையும் முழுத் தேடல். இதைவிடக் கொடுமை, அத்தனை சிரமப்பட்டுத் தேடிய பிறகு ‘-சி’ வந்து அந்தப் பழைய கேஷையே அதன் மேல் ஏற்றிவிடும். தாமதத்தின் விலையையும் கொடுத்தார், பழைய சரக்கையும் வாங்கினார். புதுக் கட்டளைக்கு நிரப்பல் வராததன் காரணம் அதுவே.

கேஷ் கோப்பு நேரடியாக ஹோமில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. புதிய கேஷைக் கம்ப்இனிட் முதலில் வேறு பெயரில் எழுதி, பின்பு பழையதன் இடத்துக்கு நகர்த்துகிறது. நகர்த்துவதற்குத் தேவை கோப்புறையின் மீதான அனுமதிதான், பழைய கோப்பின் மீதானது அல்ல. ஹோம் அவருடையது, ரூட்டுக்குச் சொந்தமான கேஷ் கோப்பு அங்கே இருந்தாலும் அடுத்த முழுத் தேடலோடு தானாகவே மறைந்திருக்கும். ரூட் உருவாக்கியது கோப்பை மட்டுமல்ல, கோப்புறையையும் என்பதில்தான் வலை இறுகியது.

டேப் இழுத்தடித்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இசட்கம்ப்கேஷ் கோப்புறை இல்லாவிட்டால் ஷெல் அதை 700 அனுமதியோடு உருவாக்கும்; உரியவர் மட்டும் நுழையலாம். அவருக்கு அதை உருவாக்கியதும் ரூட் ஷெல்தான். தன் சொந்த ஹோமில் இருக்கும் கோப்புறைக்குள் அவரால் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. ஆகவே கேஷ் இல்லை என்றே கருவி எண்ணி, ஒவ்வொரு டேப்புக்கும் வலையமைப்பில் போய்க் கேட்டு வந்தது. அவருக்குக் கிடைத்த பட்டியல் எப்போதும் சரியாக இருந்ததன் இரகசியம், அவருடைய கேஷ் உடைந்திருந்ததுதான்.

எண்ணுக்கு உரியவர்

இனி அந்த இரண்டு புதியவர்கள். மட்டக்களப்புத் தம்பியின் கணக்கில் கம்ப்ஆடிட்டை ஓட்டியபோது இரண்டு கோப்புறைகள் வந்தன: நிரப்பல் கோப்புறையும் அதன் தாயான ‘பொது’வும். உரியவர் யார் என்று பட்டியலிட்டால், திரையில் வந்தது அருகில் இருந்த பெண்ணின் பெயர்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்கவும் நியாயமில்லை. அவர் சேவையகத்தில் கால் வைத்தே சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. கோப்புகளின் திகதிகளோ அவர் மொறட்டுவையில் படித்துக்கொண்டிருந்த காலத்தவை.

கோப்பு முறைமை பெயரை எழுதி வைப்பதில்லை, எண்ணைத்தான் எழுதி வைக்கிறது. வெளிநாடு போனவரின் பயனர் எண் 1007. அவர் போன பிறகு ஒழுங்காகக் கணக்கை நீக்கினார்கள், ஹோமையும் அழித்தார்கள். ஆனால் ‘ஆப்ட்’டின் கீழ் இருந்தவற்றை யாரும் தொடவில்லை. அவை 1007-க்குச் சொந்தமாகவே, பெயரில்லாமல் கிடந்தன. டெபியனின் ‘ஆட்யூசர்’ கட்டளை புதிய கணக்குக்கு 1000-இலிருந்து மேலே போய், முதலில் காலியாகக் கிடைக்கும் எண்ணைக் கொடுக்கும். ‘யூசர்ஆட்’ என்ற மற்றக் கட்டளை ஏற்கெனவே உள்ள மிகப் பெரிய எண்ணுக்கு அடுத்ததைக் கொடுக்கும். எங்கள் வழக்கம் முதலாவது. அன்று முதலில் திறந்தது அந்தப் பெண்ணின் கணக்கு; காலியாக இருந்த 1007 அவருக்குப் போனது. வெள்ளவத்தையில் வாடகை அறையைக் காலி செய்தவரின் திறப்பை அடுத்தவரிடம் கொடுக்கிறோம். அது வீட்டுக்காரரின் அலுமாரியையும் திறக்கும் என்பது இருவருக்குமே தெரியாது.

எனவே அவருடைய ஷெல்லின் பார்வையில் எல்லாம் சரி. கோப்புறை அவருடையது; தன்னுடைய கோப்புறையை நம்பாமல் வேறு யாருடையதை நம்புவது? கம்ப்ஆடிட் தன் விதிப்படி சரியாகவே நடந்தது. மற்ற அனைவருக்கும் அது எச்சரித்திருக்க வேண்டும். ஆனால் பழையவர்கள் எல்லோரிடமும்தான் ‘-யு’ இருந்தது.

இங்கேதான் மூன்று முறைப்பாடுகளும் ஒன்றாகச் சேர்கின்றன. 1007-ஆம் எண்ணுக்கு உரியவர் அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், எங்கள் கருவிக்கு டேப் அழுத்தும் பழைய பயனர் எவருடைய கணக்கிலும் அது ஓடும். அந்தப் பழைய பயனர் ‘சுடோ -எஸ்’ கொடுத்து ரூட் ஷெல்லில் இருந்தால், ஹோம் காப்பாற்றப்படுவதால் அதே தொடக்கக் கோப்பு அங்கேயும் வரும், அதே ‘-யு’வோ ‘-சி’யோ வரும், அதே வரி ரூட்டாக ஓடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில், தானே அறியாமல், ஒருவர் சேவையகம் முழுவதற்கும் உரிமை பெற்றிருந்தார். இதைத் தற்செயலான வசதிக் குறைவு என்று ஒதுக்கலாம் என்ற கருத்தும் அலுவலகத்தில் எழுந்தது. நான் அதை ஏற்கவில்லை. இந்த முறை நல்லவர் கையில் விழுந்தது என்பதைத் தவிர அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

இப்படி வேறு எங்கெல்லாம் கிடக்கிறது என்று தேடுவதிலும் ஒரு பொறி உண்டு. பெயரில்லாத எண்களுக்குச் சொந்தமான கோப்புகளைக் கண்டுபிடிக்க ‘ஃபைண்ட்’ கட்டளையில் ‘-நோயூசர்’ என்ற தெரிவு இருக்கிறது. கணக்கு நீக்கிய அன்றே ஓட்டியிருந்தால் அது எல்லாவற்றையும் காட்டியிருக்கும். எண் மறுபடி வழங்கப்பட்ட பிறகு ஓட்டினால் எதையும் காட்டாது; 1007-க்கு இப்போது பெயர் இருக்கிறதே. ஆகவே எண்ணைக் கொடுத்துத் தேடி, அந்தக் கணக்கின் ஹோம் உருவாவதற்கு முந்திய திகதியுள்ளவற்றைத் தனியே பிரித்தேன். ‘பொது’வைத் தவிர, காப்புப் பிரதி எடுக்கும் பழைய சிறு நிரல் ஒன்றும் கிடைத்தது. அதை ரூட்டின் நேர அட்டவணை ஓட்டிக்கொண்டிருந்தது.

செய்த திருத்தங்கள்

உரிமையை மாற்றுவதற்கு முன் உள்ளே இருப்பது என்னவென்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கோப்புகளைக் களஞ்சியத்தில் உள்ள மூலத்தோடு ஒப்பிட்டோம், வேறுபாடு இல்லை. அதற்குள் ஒரு நண்பர் உதவி செய்யும் ஆர்வத்தில் கோப்புறைக்கு 755 அனுமதி (உரியவர் மட்டும் எழுதலாம்) கொடுத்துவிட்டு எச்சரிக்கை ஏன் போகவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்தார். இணையத்தில் எங்கும் கிடைக்கும் அறிவுரை அது. குழுவுக்கு எழுத அனுமதி இருந்ததுதான் குறை என்றால் அது போதும். உரியவர் வேறொருவர் என்பது குறையானால் அனுமதியை எப்படி மாற்றியும் பயனில்லை. இன்னொருவர் நிரப்பல் கோப்புறையை மட்டும் ரூட்டுக்கு மாற்றினார். தாய்க் கோப்புறை 1007-இடமே இருந்ததால் எச்சரிக்கை நின்றபாடில்லை. முடிவில் கையால் வைக்கும் வழக்கத்தையே விட்டுவிட்டு, நிரப்பல் கோப்புகளைக் கருவியின் டெபியன் பொதியோடு சேர்த்தோம். பொதி நிறுவினால் கோப்புகள் ரூட்டின் பெயரில்தான் இறங்கும். பொறுமையில்லாத பொறியாளருக்கும் வேலை ஒரு கட்டளைதான்.

சுடோ அமைப்பில் ஹோமைக் காப்பாற்றும் வரியை எடுத்தோம். முணுமுணுப்பு இருந்தது. ரூட் ஷெல் வேண்டியவர்கள் ‘சுடோ -ஐ’ பயன்படுத்தட்டும். அது ரூட்டின் சொந்த ஹோமையும் தொடக்கக் கோப்பையும் எடுத்துக்கொள்ளும். வண்ணம் வேண்டுமானால் ரூட்டின் தொடக்கக் கோப்பில், எல்லோர் கண்ணிலும் படும்படி, சேர்த்துக்கொள்ளலாம். பழக்கம் எளிதில் போகாது என்பதால், பொதுத் தொடக்கக் கோப்பில் ஒரு நிபந்தனையும் வைத்தோம்: ஷெல்லை ஓட்டுபவரும் ஹோமுக்கு உரியவரும் வேறானால் கம்ப்இனிட் ‘-டி’ பெருவெழுத்துத் தெரிவோடு ஓடும். அப்போது அது கேஷை வாசிப்பதுமில்லை, எழுதுவதுமில்லை.

மூத்த பொறியாளரின் இரண்டு கேஷ் கோப்புறைகளும் அவர் பெயருக்கு மாறின. ‘-சி’யை அவர் விட மறுத்தார். முழுத் தேடல் நடக்கும் அந்த ஒரு வேளையில் பாதுகாப்புச் சோதனையும் நடக்கிறது, இடையில் வேகம் கிடைக்கிறது என்பது அவர் வாதம். அவருடைய கேஷ் இப்போது ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுவதால் அதை நான் எதிர்க்கவில்லை. ‘-யு’வைத்தான் எல்லோர் கோப்பிலிருந்தும் எடுக்கச் சொன்னோம்.

கருவியின் நிரப்பலுக்குக் கேஷ் கொள்கை ஒன்று எழுதினோம். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட சேவையகப் பட்டியல் செல்லாது. இதை நிறுவிய பிறகும் சோதனைப் பொறியாளர் பழைய பெயர் வருகிறது என்றார். அவர், இணைப்பு அறுந்தாலும் ஷெல்லை உயிரோடு வைத்திருக்கும் ‘டீமக்ஸ்’ அமர்வுகளை நாட்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவர். ஒருமுறை ஏற்றப்பட்ட செயற்கூறு அந்த ஷெல் உயிரோடு இருக்கும்வரை நினைவகத்திலேயே இருக்கும். வட்டில் கோப்பு மாறியது அதற்குத் தெரியாது. ஷெல்லைப் புதிதாகத் தொடங்கியவுடன் பழைய பெயர் போய்விட்டது.

கணக்குகளை இனி நீக்குவதில்லை, பூட்டுகிறோம். கடவுச்சொல்லை மட்டும் பூட்டினால் போதாது, கடவுச்சொல் இல்லாமல் எஸ்எஸ்எச் திறவுகோலோடு தொலைவிலிருந்து வருபவருக்கு அது தடையே அல்ல. கணக்கின் காலாவதித் திகதியையும் கடந்த காலத்துக்கு மாற்ற வேண்டும். எண் அவர் பெயரிலேயே கிடக்கும், வேறு யாருக்கும் போகாது. அந்தப் பெண்ணின் எண்ணை மாற்றி, அவர் உண்மையிலேயே உருவாக்கிய கோப்புகளை மட்டும் புதிய எண்ணுக்குக் கொண்டுபோனோம். பழைய 1007-ஐ உள்நுழைய முடியாத ஒரு வெற்றுக் கணக்குக்கு ஒதுக்கினோம்.

சோதனை அறையில் இருவர் மாறி மாறிப் பயன்படுத்தும் மேக் ஒன்றிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது. மேக்கில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்புரூவை நிறுவிய கணக்குக்கே அதன் கோப்புறைகள் சொந்தம் என்பதால் இரண்டாமவருக்கு அது எப்போதும் அந்நியமாகத்தான் தெரியும். குழுவின் எழுத்து அனுமதியை எடுத்துப் பார்த்தாலும் உரிமை மாறாது. அங்கே இரண்டாமவர் ‘-யு’ வைத்துக்கொண்டார். முதலாமவரை நம்புகிறேன் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அந்தக் கணினியில் ஹோம்புரூ வழியாக வரும் நிரல்களை எப்படியும் அவர் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

சேவையகத்தில் எந்தக் குழுவிலும் சேராத ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கி, அதன் பெயரில் கம்ப்ஆடிட்டை நாள்தோறும் ஓடவிட்டிருக்கிறோம். விடை வெறுமையாக இருந்தால் மௌனம். ஏதாவது வந்தால் எங்களுக்கு மின்னஞ்சல். இதுவரை ஒரு தடவை மின்னஞ்சல் வந்தது. எழுத்து அனுமதியைக் குழுவுக்கும் கொடுக்கும் 002 என்ற இயல்பு அமைப்போடு யாரோ புதிய கோப்புறை ஒன்றைத் திறந்திருந்தார். சொந்தக் குழுவில் தான் மட்டுமே உறுப்பினராக இருந்தால் அந்தப் பயனரின் கம்ப்ஆடிட் அதைப் பொறுத்துக்கொள்ளும். இது அலுவலகப் பொதுக் குழுவின் பெயரில் இருந்தது.